“நல்லா இருக்கிறன்” என்ற விடை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்கிறாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். “நல்லா இருக்கிறன் அம்மா” என்கிறாய். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, பக்கத்து அறைப் பெடியன் இன்னும் குசினியை ஊத்தையாகத்தான் விடுகிறானா என்று நான் கேட்டு முடிவதற்குள் உனக்கு நேரமாகிவிடும், எனக்கும் அடுப்பில் ஏதாவது இருக்கும். வைத்துவிடுகிறோம். தூர தேசத்தில் பிள்ளையை விட்டிருக்கிற தாய்க்கு அந்த இரண்டு சொல் போதும் என்பார்கள். எனக்கும் கனகாலம் போதுமாகத்தான் இருந்தது. இப்போது போதவில்லை. நீ சொல்கிற அந்த விடையை நான் நம்பவில்லை. நீ உண்மையில் எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் பேனையைத் தூக்கியிருக்கிறேன்.

இதைப் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் கேட்டால் அதே விடைதான் வரும். வட்ஸ்அப்பில் நீட்டி எழுதினால் ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டு இருந்துவிடுவாய். அதனால் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் வகுப்புப் படிக்கட்டில் சாப்பாட்டுப் பெட்டியோடு காத்துக்கொண்டிருக்கிற தாய்மாரும் வாசிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, பிள்ளைகளின் பெயரையும் எழுதவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நான் ஏதோ ஒரு கணித டீச்சர். இவ்வளவு சொல்லியும் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். கோபத்தையாவது நீ எனக்கு ஒளிக்காமல் காட்டுவாய்.

நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போவதற்கு முந்திய வருடம் உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாள் கட்டோடு என் வகுப்புக்கு வந்தது ஞாபகம் இருக்கும். வளரிளம் பிள்ளைகளின் நலம் பற்றிய ஆராய்ச்சி என்றாய். எனக்கு அந்தப் படிப்பே முதலில் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏ.எல். பரீட்சையைக் கணிதப் பிரிவில் எடுத்த பிள்ளை, பொறியியலுக்குப் புள்ளி காணாமல் போய், கடைசியில் உளவியல் படிக்கிறேன் என்று வந்து நின்றபோது நம் சனம் என்னை விட்டுவைத்ததா? “பைத்தியக்காரரைப் பார்க்கிற படிப்போ?” என்று கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து உன்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு பழகிவிட்டது. ஆனால் நீ அந்தக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதும் எனக்குச் சினம்தான் வந்தது. நித்திரை போதுமா, சிநேகிதர் இருக்கிறார்களா, வீட்டில் உன் பேச்சை யாராவது காது கொடுத்துக் கேட்கிறார்களா, காலையில் எழும்பும்போது மனம் எப்படி இருக்கிறது, இதுதானே கேள்வி! இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டுமா, எந்தத் தாய்க்கும் தெரியாதா, கண்டறியாத ஆராய்ச்சி என்று சொன்னேன். நீ கோபிக்கவில்லை. தெரிந்தாலும் ஒருவரும் கேட்பதில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களை எண்ணத் தொடங்கினாய்.

கடற்கரைப் பக்க லேனில், புடைவைக் கடைக்கு மேலே, ரயில் போகும்போது கரும்பலகையே நடுங்குகிற அந்த மண்டபத்தை இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும். பக்கத்துத் தொடர்மாடிப் பிள்ளைகளும் வருவார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் பிடித்துவருகிற பிள்ளைகளும் வருவார்கள். ஓ.எல். பரீட்சைக்கான வகுப்பு, சனிக்கிழமை பின்னேரம் ஒரு கூட்டம், ஞாயிறு விடிய ஆறு மணிக்கு இன்னொரு கூட்டம். நீ சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வடிவாக விளக்கம் சொன்னாய். பெயர் எழுத வேண்டாம், சரி பிழை என்று ஒன்றும் இல்லை, விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம் என்றாய். டீச்சர் வெளியே போய்விடுவா என்றும் சொன்னாய். நான் போனேன். போகிறபோது வாய் சும்மா இருந்ததா? “ஒருத்தரும் வெறுமையா விடக்கூடாது. பக்கத்துப் பேப்பரைப் பார்க்கக்கூடாது. முடிஞ்ச ஆக்கள் கவிட்டு வையுங்கோ” என்று கதவடியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இத்தனை வருடமாகப் பேப்பரைக் கண்டால் தானாக வருகிற வசனம் அது. உன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

ஆனால் கூத்து அடுத்த நாள்தான். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை உன் கேள்வித்தாளைப் போனில் படம் எடுத்திருந்தது. விஷமம் இல்லை, எந்தப் பேப்பரைக் கண்டாலும் படம் எடுத்து வைப்பது இந்தப் பிள்ளைகளின் பழக்கம். அது தாயிடம் போய், தாயிடமிருந்து தாய்மார் எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி என்று உன் அனுமதிக் கடிதத்தில் இருந்ததல்லவா? ஒருத்தரும் கடிதத்தை முழுக்க வாசிக்கவில்லை. இங்கிலாந்து என்ற சொல்லை மட்டும் வாசித்திருக்கிறார்கள். நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளைகளை ஏதோ புலமைப்பரிசிலுக்குத் தெரிவு செய்யப்போகிறார்கள் என்று ஒரு தாய் எழுத, இன்னொரு தாய் எந்தக் கேள்விக்கு எந்த விடை போடவேண்டும் என்று ஒரு மார்க்கிங் ஸ்கீமே செய்து போட்டிருக்கிறா. அன்றிரவு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை இருத்தி வைத்துச் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று பாடமாக்கியிருக்கிறார்கள்.

விடியக் கூட்டமும் எழுதிக் கொடுத்த பிறகு, ஞாயிறு மத்தியானம் நீ தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாய். என்னடா என்று வந்து பார்த்தேன். விடிய ஆறு மணி வகுப்புக்குக் கண் வீங்கி வருகிற பிள்ளைகள், தாங்கள் ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தருக்கும் தனிமை இல்லை. ஒருத்தருக்கும் பயம் இல்லை. எல்லாருக்கும் வீட்டில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கிறது. இவ்வளவு சந்தோஷமான பிள்ளைகள் உலகத்திலேயே இருக்கமாட்டார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். நீ திடீரென்று சிரிப்பதை விட்டுவிட்டாய். தாள்களை அடுக்கிக் கட்டி, பாத்றூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். பிறகு உன் பேராசிரியர் போனில் உன்னை ஏசியது எனக்கும் கேட்டது. சொந்தத் தாயின் வகுப்பில் போய்ச் செய்தால் வேறு எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தத் தாள்கள் ஒன்றுக்கும் உதவாது என்று முடிவாயிற்று, நீ வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினாய்.

ஆனால் நீ என்னிடம் இன்னொரு சனிக்கிழமை கேட்டாய். ஆராய்ச்சிக் கணக்கில் இல்லை, ஏன் அப்படி எழுதினார்கள் என்று பிள்ளைகளோடு சும்மா இருந்து கதைக்கப்போகிறேன் என்றாய். பரீட்சை கிட்டிக்கொண்டிருந்தது, எனக்குக் கேத்திரகணிதம் பாக்கி இருந்தது. தலைக்கு மேலே வேலை கிடக்கிறது, இவன் கதை கேட்கப் போகிறானாம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன். தாய்மாரைக் காலி வீதியில் இருக்கிற பேக்கரிக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். நானும் போயிருக்கவேண்டும். அப்படித்தான் உனக்கு வாக்குக் கொடுத்தேன். இந்தக் கோதாரி முழங்கால் இருக்கிறதே, அது பாதிப் படியில் நின்றுவிட்டது. அங்கேயே இருந்துவிட்டேன், தம்பி. கதவு சாத்தவில்லை. நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

பிள்ளைகள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று நீ அவர்களுக்குச் சொல்லியிருந்தாய், ஒளித்திருந்து கேட்டவளுக்கும் அது பொருந்தும். எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் சொல்லலாம். முதலில் ஒரு பிள்ளை, சேர் எதிர்பார்க்கிற விடை என்ன என்று சொன்னால் தாங்கள் சொல்லலாம் என்றது. எனக்குப் படிக்கட்டில் இருந்து சிரிப்பு வந்தது. என் வகுப்புப் பிள்ளைதான், சந்தேகமில்லை. உனக்குச் சிரிப்பு வரவில்லைப் போலிருக்கிறது. அப்படியென்றால் நான் முதலில் சொல்கிறேன் என்றாய்.

“நான் ஏ.எல். படிக்கேக்கை வகுப்புக்கு எண்டு வெளிக்கிட்டு வகுப்புக்குப் போறேல்லை. கடற்கரையில கல்லில போய் இருப்பன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கனகாலம். காலமை எழும்பேக்கை, இண்டைக்கு ஏன் எழும்பவேணும் எண்டு இருக்கும். ஆரோடையும் கதைக்கேல்லை. அப்ப ஆராவது இந்தப் பேப்பரைத் தந்திருந்தால் நானும் உங்களை மாதிரித்தான் எழுதியிருப்பன்.”

ஒரு பெண்பிள்ளை கேட்டது, உங்கட அம்மாவுக்குத் தெரியுமோ சேர் என்று. அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரைக்கும் நீ பொறுத்திருந்தாய், நானும் பொறுத்திருந்தேன்.

“அம்மா ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது எண்டு கேப்பா. நல்லா இருந்தது எண்டு சொல்லுவன். அவ அந்த நேரம் நல்லாக் களைச்சுப்போய் வாறவ. அதுக்கு மேல என்னையும் அவவின்ர தலையில ஏத்த எனக்கு மனம் வரேல்லை.”

தம்பி, எனக்கு அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு அடைத்தது என்றால் எல்லாரும் சொல்கிற சொல்லாகிவிடும். எனக்கு முதலில் வந்தது வெட்கம். அதன்பிறகு கோபம். என் பிள்ளை தன் கதையை என்னுடைய மாணவர்களுக்குச் சொல்கிறான், எனக்குச் சொல்லவில்லையே என்று பொல்லாத கோபம். அதற்கும் பிறகுதான் பயம் வந்தது. நீ அந்தக் கல்லில் இருந்த நாட்களில் எனக்குத் தெரியாமல் என்னவும் நடந்திருக்கலாம் என்ற பயம். நடந்து முடிந்த காலத்துக்காகப் பயப்படுவது விசர்த்தனம் என்று தெரியும். கீழே தாய்மார் பணிஸ் பையோடு திரும்பி வருவது தெரிந்தது. நான் எழும்பி, கதவைத் தட்டி, நேரமாகிறது, அடுத்த வகுப்பு நிற்கிறது என்று சத்தம் போட்டேன். நீ வெளியே வந்து, எப்போது வந்தீர்கள் என்று கேட்டாய். இப்போதுதான் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் கரும்பலகையை அழிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ போகும்வரைக்கும் மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்தோம். கேட்க எத்தனையோ தருணம் இருந்தது. மழைக்கால ஜக்கெற் தேடி இரண்டுபேரும் கொள்ளுப்பிட்டிவரை அலைந்தோமே, அந்தப் பஸ்ஸில் கேட்டிருக்கலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிறை கூடிப்போனது என்று பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் பொதியை வெளியே எடுத்தார்களே, அந்த வரிசையில் நின்றபோது கேட்டிருக்கலாம். நான் மிளகாய்த்தூளுக்காக அந்த அதிகாரியோடு சிங்களத்தில் வாதாடிக்கொண்டிருந்தேன். உன்னை அனுப்பிவிட்டு வான் வண்டியில் திரும்பி வரும்போது, பேலியகொடை தாண்டும்வரைக்கும், அவன் அந்தத் தூளில்லாமல் என்ன சமைப்பான் என்று அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் மார்பில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைக்காதே. அதற்கு ஆள் நான் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இந்த லேனில் எங்கள் பிள்ளைகளின் நலம் என்றால் என்ன என்று உன் ஆராய்ச்சிப் புத்தகங்களில் இருக்காது. பாண் வாங்கப் போன பெடியன் திரும்பி வந்தால் நலம். விடிய ரவுண்டப் என்று எல்லாரையும் றோட்டில் இறக்கி நிற்கவைத்து, பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்துவிட்டு உன் அப்பாவைத் திரும்ப மேலே அனுப்பினால் நலம். நீ அப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அந்தச் சிப்பாயிடமே சொன்னாய். சண்டை முடிந்துவிட்டது என்று பிறகு ரேடியோ சொன்னது. என் வயிற்றுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடமே அப்பா, காலையில் சவரம் செய்துகொண்டு நின்ற மனுஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் பிறகு எழும்பவேயில்லை. நீ எட்டாம் வகுப்பு. அதன்பிறகு நாலு சுவருக்குள், ஒரு வாத்தியாரின் கண்ணுக்கு முன்னால், ஒரு கொப்பிக்கு மேலே குனிந்திருக்கிற பிள்ளைதான் எனக்குப் பாதுகாப்பான பிள்ளை. அதனால்தான் உனக்கு ஒரு ரியூசன் முடிய மற்ற ரியூசன். பின்னேரம் கதவு திறந்து நீ உள்ளே வந்தால் எனக்கு அன்றைக்கு நூற்றுக்கு நூறு. நீ எப்படி வந்தாய் என்று நான் பார்க்கவில்லை, வந்தாயா என்று பார்த்தேன். அதற்குமேல் பார்க்க அந்த நாட்களில் எனக்குக் கண் இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தாய்மாரைப் பார்த்து இரண்டுபேரும் சிரித்தோமே, பிள்ளைக்கு மார்க்கிங் ஸ்கீம் செய்து கொடுத்தார்கள் என்று. நான் உனக்குச் செய்து கொடுத்ததும் அதுதான். தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். களைத்துப்போய் வந்து கதிரையில் விழுந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எப்படித் தம்பி இருந்தது என்று கேட்கிற தாய்க்கு எந்த விடை வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தெரியாதா? நீ நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள்தான் இந்தப் பொய்யைச் சொல்கிறார்கள். குழப்படிக்காரன் என்றால் கத்தியிருப்பான், கதவை அடித்துச் சாத்தியிருப்பான், எனக்கும் விளங்கியிருக்கும்.

நீ போன பிறகு ஞாயிறு விடிய நடந்த வகுப்பை நிறுத்திவிட்டேன். உனக்கு அதையும் சொல்லவில்லை. ஞானம் வந்து நிறுத்தினேன் என்று நினைக்காதே, பாதிக்குக் காரணம் முழங்கால். தாய்மார் விட்டார்களா? உங்கட மகன் உங்களைக் குழப்பிப்போட்டார் டீச்சர் என்று அந்த மார்க்கிங் ஸ்கீம் செய்த தாய் முகத்துக்கு நேரே சொன்னா. பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டுமே என்றேன். அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு அந்தப் பிள்ளைகளை வேறு ஒரு வாத்தியாரின் வாசலில் கண்டேன். கோயிலுக்குப் போகிற வழியில் கண்டேன், அவர்களும் என்னைக் கண்டு வணக்கம் சொன்னார்கள். இதுதான் நடந்தது. ஒரு கிழவி ஒரு வகுப்பை நிறுத்தினால் கொழும்பு மாறிவிடாது. நீ உன் ஆராய்ச்சியை எழுதி முடிக்கும்போது இதையும் எங்காவது ஓரத்தில் எழுது.

சனிக்கிழமைப் பிள்ளைகளிடம் இப்போது பாடம் தொடங்க முதல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். உன்னைப் பார்த்துப் பழகியது. முதல் நாள் முன்வாங்குப் பிள்ளை எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “நல்லா இருக்கிறன் டீச்சர்” என்று ஒப்புவித்துவிட்டு இருந்தது. அடுத்த பிள்ளையும் எழும்பியது. வரிசையாக எல்லாரும். எனக்கு இருந்த களைப்பில், சரி, சமன்பாட்டை எழுதுங்கோ என்றுவிட்டேன். ஆனாலும் விடவில்லை, ஒவ்வொரு கிழமையும் கேட்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை மட்டும் எழும்பாமல் இருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் போகாமல் வாங்கிலேயே இருந்தது. நான் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருந்தேன். என்ன கதைத்தோம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கினது எப்போது என்று மட்டும் உனக்குச் சொல்லவேண்டும். நான் என்ன பிள்ளை, சொல்லு சொல்லு என்று கேட்டபோது அல்ல. எனக்கும் இண்டைக்குக் களைப்பாக்கிடக்கு, வீட்டை போக மனமில்லாமல் இருக்கு என்று சொன்னபோதுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு நீ அந்தச் சனிக்கிழமை செய்தது விளங்கியது. நீ பிள்ளைகளைக் கேட்கவில்லை, முதலில் நீயே சொன்னாய். அவ்வளவு பெரிய ஆராய்ச்சிக் கட்டால் முடியாதது அதனால் முடிந்தது. அப்படியிருக்க, நான் இத்தனை பக்கத்துக்கு உன்னை நம்பவில்லை நம்பவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே, நான் உனக்கு என்ன சொல்லியிருக்கிறேன்? நீங்கள் எப்படி அம்மா என்று நீயும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன்” என்கிறேன். வாயில் தயாராக இருக்கிறது, வெறுமையாக விடாமல் எழுதிவிடுகிறேன்.

சரி, என் விடை இது. நான் நல்லாக இல்லை. தைப்பொங்கலுக்குப் பிந்திய கிழமை மண்டபப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். கீழே கடைக் காவலாளிதான் ஓடிவந்து தூக்கினான், பரிஸ்ஸமின் டீச்சர், கவனமாக, பரிஸ்ஸமின் என்று சிங்களத்தில் என்னையே பேசிப்பேசித் திரீவீலில் ஏற்றிவிட்டான். இடக்கை மணிக்கட்டு உடைந்து பிளாஸ்டர் போட்டார்கள். நீ போன் எடுத்தபோது சிக்னல் சரியில்லை, கமரா வேலை செய்யவில்லை என்று எத்தனை கிழமை சொன்னேன், நினைத்துப் பார். சிக்னலுக்கு ஒன்றும் இல்லை. உனக்குப் பரீட்சை, இந்த நேரத்தில் என்னையும் உன் தலையில் ஏற்றக்கூடாது என்று நினைத்தேன். நீ பதினேழு வயதில் எனக்குச் செய்ததை நான் அறுபதில் உனக்குச் செய்தேன். பிளாஸ்டர் இப்போது கழற்றியாயிற்று, விரல் இன்னும் முழுக்க மடங்காது. ஒரு கையால் அரிசி களைந்து பார், அப்போது தெரியும். பின்னேரத்தில் வகுப்பு முடிந்து தொடர்மாடிக்கு ஏறும்போது, கதவைத் திறந்தால் உள்ளே ஒருத்தரும் இல்லை என்ற நினைப்பு இரண்டாம் மாடியிலேயே வந்துவிடும். அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன். பக்கத்து வீட்டார் கண்டால் மூச்சு வாங்குகிறது என்பேன். நீ போயிருக்கக்கூடாது என்று சில நாள் நினைக்கிறேன். நினைத்துவிட்டு, சீ, என்ன தாய் நான் என்று என்னையே ஏசிக்கொள்கிறேன். இப்படித்தான் இருக்கிறேன், தம்பி.

இதைக் கேட்டவுடன் டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வராதே. உன் அத்தைக்குப் போன் எடுத்து என்னை வந்து பார்க்கச் சொல்லாதே, அவ வந்தால் எனக்கு இருக்கிற வருத்தம் இரட்டிக்கும். ஒன்று மட்டும் செய். வருகிற ஞாயிறு கமராவைப் போட்டுக்கொண்டு எடு, நானும் போடுகிறேன். முதலில் நீ கேள், எப்படி அம்மா இருக்கிறீங்கள் என்று. மேலே எழுதியதை நான் வாயால் சொல்லிப் பார்க்கவேண்டும், எழுதுவதைவிட அது கஷ்டம். பிறகு நான் உன்னைக் கேட்பேன். நீ உடனே சொல்லாவிட்டாலும் போனை வைக்கமாட்டேன். அம்மா களைத்துப்போய் இருக்கிறா என்று இந்த முறை பார்க்காதே. களைப்புத்தான். ஆனால் நீ சொல்வதைக் கேட்காமல் போய்ப் படுக்கிற அளவுக்குக் களைக்கவில்லை.

அம்மா